நாளைக்கே என்று நான் அளித்த உறுதி

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அண்ணன், அண்ணி, நான் மூவரும் இறைவன் அருளால் உடல்நலத்துக்குக் குறைவின்றி இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தத் தொலைவில் நோயும் மனக்கலக்கமும் இன்றி இருக்கிறீர்கள் என்னும் செய்தியை உன் கையெழுத்தில் காணவே காலையில் ஓதி முடித்ததும் வாசற்பக்கம் என் கண் போகிறது. இரண்டு மாதமாக ஏன் கடிதமில்லை என்று தொலைபேசியில் மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் விரல் வலி என்றேன். விரலுக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் உள்ளதை எழுத வேண்டும், உள்ளதை எழுதும் துணிவு வர இத்தனை நாள் பிடித்தது, அவ்வளவுதான். இடுப்பெலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், இப்போது வீட்டுக்குள் வெறும் கைத்தடிதான். உன் அண்ணன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு மேற்குப் பகுதிக் கட்டடங்கள் அனைத்தையும் ஒப்படைத்திருக்கிறார்கள். நாள் முழுதும் ஏறியும் இறங்கியும் வருபவன் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். உன் முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? அடுத்த வரியைப் படிக்கும் முன் எழுந்து நின்று ஒரு முறை நிமிர்ந்துகொள், இது நீண்ட கடிதம்.

போன ஆண்டு நீ தொலைபேசியில் பேசும்போது அண்ணிக்கு அம்மாவைவிடக் கடைதான் பெரிது என்று ஒரு சொல் சொன்னாய், நினைவிருக்கிறதா. நான்தான் அதற்கு வழி செய்தேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை, சோற்றில் நூல்துணுக்கு, போர்வையில் நூல்துணுக்கு, இனி என் சுவாசத்திலும் ஒரு தையல் போட்டுவிடுவாள் என்று உன்னிடம் அடுக்கினேன். நீ எனக்காகக் கோபித்துக்கொண்டதில் எனக்கு உள்ளூர ஓர் இனிப்பும் இருந்தது. அந்த இனிப்பைத் துப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது உனக்கு ஓரளவு தெரியும் என்றாலும் முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு இடுப்பு முறிந்து ஆறு மாதம் அந்த நான்கு கால் வாக்கரைப் பிடித்து நடந்தபோது இரண்டு கையும் அதிலேயே இருந்தன, மூக்குக்கண்ணாடியையோ போனையோ எடுத்துக்கொண்டு நடக்க வழியில்லை. படிக்கும் புத்தகத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு போனவளைப் பார்த்துத்தான் உன் அண்ணி கேன்வாஸ் துணியில் ஒரு பை தைத்து வாக்கரின் முன்கம்பியில் கட்டிவிட்டாள். அது தொங்கவிடும் பைதானே என்று எண்ணிவிடாதே. முன்பக்கம் பாரம் மிகுந்தால் வாக்கர் கவிழும், ஒரு பக்கம் மிகுந்தால் இழுக்கும். ஆகையால் என்ன வைக்கப் போகிறார்கள் என்று கேட்டு, அந்தப் பாரத்தைப் பார்த்து, கனமானது கம்பியோடு ஒட்டியிருக்கும்படி உள்ளறைகளைத் தைப்பாள். கம்பியும் மூன்று பருமனில் வருகிறது. பிசியோதெரபிக்கு வந்த மற்ற நோயாளிகள் கேட்க, அவர்களுக்குத் தைத்துக் கொடுக்க, பிறகு ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் சின்னதாய் ஒரு கடை திறந்தாள். ஆர்டர் வந்ததும் அவர்களிடமே, பையில் என்னென்ன வைப்பீர்கள் என்று எழுதிக் கேட்பாள், பதில் வந்தபின் துணியை வெட்டுவாள், ஐந்து நாளில் அனுப்புவாள். நாளுக்கு ஐந்தாறு ஆர்டர். என்னைப் பார்த்துக்கொள்வதற்காகக் கார்மென்ட்ஸ் கம்பெனி வேலையை விட்டவள், நாளெல்லாம் நின்றே செய்யும் அந்த வேலைக்குத் திரும்பாமல் வீட்டிலிருந்தே பிழைக்க இறைவன் காட்டிய வழி அது.

அப்படியிருக்க, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் துணி எடுக்க வெளியூர் போனாள். போனை என்னிடம் கொடுத்து, யாராவது கேள்வி கேட்டால் மட்டும் பதில் எழுதுங்கள் என்றாள். நானும் இலக்கணப் பிழையின்றி மூன்று பேருக்கு எழுதினேன். பகல் உணவு முடிந்த நேரம், திரையில் ஒரு கட்டம் எழுந்து வந்தது. உங்கள் பொருள் வாங்குவோர் கைக்கு நாளைக்கே சேரும் என்று உறுதி அளிக்கிறீர்களா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்: உறுதி அளிக்கிறேன் என்று ஒன்று, இப்போது வேண்டாம் என்று இன்னொன்று. மகளே, என் மனம் ஓடிய வழியை மறைக்காமல் எழுதுகிறேன். உறுதி தருவாயா என்று ஒருவர் நேருக்கு நேர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்வது நாம் சொல் காப்பாற்றாத குடும்பம் என்று நாமே எழுதிக் கொடுப்பது போலப் பட்டது. சொன்ன சொல் தவறாமை என்பதை முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பில் நின்று பாடமாகச் சொன்னவள், இறைவனையே சாட்சியாக எண்ணிக்கொண்டு, உறுதி அளிக்கிறேன் என்பதை அழுத்தினேன். கட்டம் பச்சை நிறமாகி வாழ்த்துக்கள் என்றது. பள்ளியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதைப் போல அதை மறந்தும் போனேன். உன் அண்ணி வந்ததும் சொல்ல வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் நான் ஓதி முடிக்கும் முன்பே அவள் கையில் போனோடு வந்து நின்றாள். நாற்பத்து மூன்று ஆர்டர். முகமெல்லாம் மலர்ந்து, “அத்தை, உங்க பிரார்த்தனைக்கு இவ்வளவு பவரா, முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு மெஷின் சேர்த்து வாங்கியிருப்பேனே” என்றாள். நானும் எல்லாம் அவன் செயல் என்று தலையைச் சாய்த்து அந்தப் பெருமையை ஏற்றுக்கொண்டேன், மறுக்கவில்லை. பின் அவள் ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது, எல்லாமே அன்று மாலை நான்கு மணிக்குள் பார்சல் ஏறவேண்டும் என்றன. அவள் மெதுவாகக் கேட்டாள், “நேத்து போன்ல ஏதாச்சும் அமுக்குனீங்களா அத்தை?” சொன்னேன். சொல்லிவிட்டு, நம்மால் முடியாதா என்று வேறு கேட்டேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து மெஷினின் பாபினில் நூலைச் சுற்றி முடித்தாள். அதன் பின்தான் எனக்கு விளக்கினாள். அந்தச் சந்தையில் நாளைக்கே வரும் என்ற அடையாளம் உள்ள பொருள்தான் முதலில் காட்டப்படுமாம், வாங்குபவர்களும் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். செய்து அடுக்கி வைத்திருக்கும் பெரிய வியாபாரிக்கு அது சிறகு. கேட்டு, அளந்து, வெட்டித் தைப்பவருக்கு அது கழுத்தில் கட்டிய கல். கொடுத்த உறுதியை அன்றைய ஆர்டர்களுக்குத் திரும்பப் பெற முடியாது. நூறு ஆர்டரில் நான்குக்கு மேல் தாமதமானால் கடையை முடக்கிவிடுவார்கள். இதையெல்லாம் பாடம் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னாள். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. புது ஆர்டர் வராதபடி சரக்கு இல்லை என்று போட்டு அடைத்தாள், எழுந்தாள், “சரி, துணிய எடுங்க அத்தை” என்றாள்.

பக்கத்துத் தெருவில் பொத்தான் கடை வைத்திருந்து இப்போது நமக்கு உதவிக்குத் தைக்க வரும் பட்டன் அக்காவை வரச்சொன்னாள். உன் அண்ணன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வெட்டும் மேசைக்கு வந்தான். நான் கம்பியில் சுற்றி ஒட்டும் வெல்க்ரோ பட்டைகளை அளந்து நறுக்கினேன். பட்டன் அக்கா வாய் மூடாதவள் என்று உனக்குத் தெரியும், பெரியம்மா ஒரே விரலால் எங்கள் ரெண்டு பேரோட இருபது விரலுக்கும் வேலை வச்சிட்டாங்க என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும் உரிமை அவளுக்கு இருந்தது, நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். என்ன வைக்கப் போகிறீர்கள் என்று யாரையும் கேட்க நேரமில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அறைகள். ஒரு பைக்கு நாற்பது நிமிடம். மெஷின் இரண்டுதான். மூன்றே முக்கால் மணிக்குப் பதின்மூன்று பை தயார், முப்பது பாக்கி.

நான்கு மணிக்குப் பார்சல் வண்டிக்காரர் வந்தார். அவர் பெயர் என்னவென்று எங்களுக்குத் தெரியாது, இத்தனை நாளும் நாலு மணி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அவரும் போனில் நாலு மணி பேசுறேன் என்றுதான் சொல்வார். பதின்மூன்று பார்சலையும் அடுக்கிய பின் எங்கள் முகத்தைப் பார்த்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “மிச்ச முப்பதுக்கும் அட்ரஸ் ஸ்டிக்கரை மட்டும் குடும்மா, இப்பவே ஸ்கேன் பண்ணி விட்டுடுறேன், கிளம்பிடுச்சுன்னு காட்டும். பையை நாளைக்கு நாளன்னைக்கு வாங்கிக்கிறேன். இந்த லைன்ல பாதிப்பேர் இப்படித்தான் ஓட்டறாங்க” என்றார். அவர் கெட்டவரல்லர். அவருக்கும் மேலே ஒரு கடிகாரம் ஓடுகிறது, அவருடைய வண்டியும் தாமதமானால் அவருக்கும் ஒரு கோடு விழும், அப்படியிருந்தும் எங்களுக்காக அந்தச் சுமையைத் தலையில் ஏற்கத் துணிந்தார். பட்டன் அக்கா உடனே ஸ்டிக்கர் தாள்களை எடுத்துவிட்டாள். உன் அண்ணன் என்னைப் பார்த்தான், உன் அண்ணியும் என்னைப் பார்த்தாள். வாய்மையைப் பற்றி அம்மா இப்போது ஒரு சொற்பொழிவு தொடங்குவாள் என்று இருவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் உன் தாய் சொன்னது என்ன தெரியுமா? கொடுத்துவிடம்மா என்றேன். எழுபத்தொரு வயதுவரை பிறருக்கு எடுத்துச் சொன்னதெல்லாம் அந்த ஒரு சொல்லில் என்னை விட்டுப் போயிற்று, ஏனென்றால் தப்பு என்னுடையது, அது எப்படியாவது மறைந்தால் போதும் என்று ஆகிவிட்டது. உன் அண்ணி பட்டன் அக்கா கையிலிருந்து அந்தத் தாள்களை வாங்கி மடித்தாள். “வேண்டாம் அண்ணே. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர்றவங்க இதுல இருக்காங்க. கிளம்பிடுச்சுன்னு காட்டினா, வந்துரும்னு நம்பி வாசலையே பார்த்துட்டு இருப்பாங்க” என்றாள். நாலு மணி சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஓதும் பாடல்களின் பொருளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் நூல்துணுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அதை அறிய எனக்கு அந்த அவமானம் வேண்டியிருந்தது. இறைவன் அதை எனக்குக் கொடுத்ததற்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

அதன் பின்தான் என்னால் ஆகக்கூடிய ஒரு வேலை இருப்பது புலப்பட்டது. முப்பது பேரில் உண்மையாகவே நாளைக்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டால் தெரியும். அந்தச் சந்தையில் வாங்கியவருக்குச் செய்தி எழுத ஒரு பெட்டி இருக்கிறது. தவறு என்னுடையது என்றும், பை தாமதமாகும் என்றும், தங்களுக்கு எந்த நாளில் உண்மையாகவே தேவை, அதில் என்ன வைப்பீர்கள் என்றும் கேட்டு எழுதலானேன். முதல் மடலைப் படித்துவிட்டு உன் அண்ணி, “அத்தை, இதைப் படிச்சா ஏதோ கோர்ட்ல இருந்து வந்திருக்குன்னு பயந்துடுவாங்க” என்றாள், மகிமை பொருந்திய என்பதையெல்லாம் எடுத்துவிட்டு எழுதினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பதில்கள் வரத் தொடங்கின. மகளே, முப்பது பேரில் இருபத்திரண்டு பேருக்கு எந்த அவசரமும் இல்லை. நாளைக்கே என்று இருந்தது, அதனால் தொட்டேன் என்றார் ஒருவர். என் அம்மா வாக்கரையே தொடமாட்டேன் என்கிறார், அவரைச் சம்மதிக்க வைக்கப் பத்து நாளாகும், நீங்கள் பதினொன்றாம் நாள் அனுப்புங்கள் என்று ஒரு பெண் எழுதினாள். இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், என் வாழ்நாளில் நான் ஒருவர்க்கும் மறுநாளே எதையும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை, எனக்கு மட்டும் எதற்கு என்று எழுதினார், அதைப் படித்து நாங்கள் மூவரும் வாய்விட்டுச் சிரித்தோம். எட்டுப் பேருக்கு மட்டும் உண்மையாகவே வேண்டியிருந்தது. அந்த எட்டும் விடிவதற்குள் தயாராயின, அதுவும் பையில் வைக்கப்போவது என்னவென்று கேட்டுத் தைத்தவை. ஐந்தை நாலு மணி தம் வேலை நேரத்துக்கு முன்பே வந்து எடுத்துப்போனார். அந்த உதவிக்கு எந்தத் திரையிலும் ஒரு நட்சத்திரம் அவருக்குக் கிடைத்திராது.

மற்ற மூன்றும் இந்த ஊருக்குள்ளேயே என்பதால் உன் அண்ணன் பைக்கில் எடுத்துக்கொண்டு போனான். அதில் ஒன்று ஆஸ்பத்திரிக்கே போகவேண்டியது, ஒரு பெரியவரைப் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அவர் மகள் எழுதியிருந்தாள். உன் அண்ணன் வழியில் வேலைக்கும் போகவேண்டும் என்று கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். வாசலில் காவலர் அந்தச் சட்டையைக் கண்டதும், நேத்தே வரச்சொன்னோம் இப்பதான் வழி தெரிஞ்சுதா என்று அதட்டி, நின்றுபோயிருந்த லிஃப்ட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அது இவன் கம்பெனி லிஃப்ட்டே அல்ல. இவன் சொல்ல வாயெடுத்தபோது சக்கர நாற்காலியில் இரண்டு நோயாளிகள் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறான். கதவின் அடியில் சிக்கியிருந்த ஊசி உறையை எடுத்துவிட்டுத் தடத்தைத் துடைத்ததும் கதவு மூடிற்று, அந்த லிஃப்ட்டிலேயே மேலே போனான். இதைக் கேள்விப்பட்டு அந்த வார்டின் தலைமை நர்ஸ் நன்றி சொல்ல வந்தபோது, பெரியவர் வாக்கரில் பையைக் கட்டிக்கொண்டு, அதற்குள் ரேடியோ பாட, தாழ்வாரத்தில் நடந்துபோவதைக் கண்டார். கம்பியை அசைத்துப் பார்த்தார், பாரத்தைத் தூக்கிப் பார்த்தார், யார் தைத்தது என்று கேட்டார். வீட்டுக்குப் போன பிறகு பையைத் தேடுவதைவிட இங்கேயிருந்து போகும்போதே கையோடு போனால் நல்லது, எங்களுக்கு முப்பது வேண்டும், ஆனால் மேலிடத்தில் ஒப்புதல் வாங்கவேண்டும் என்றார். “நாளைக்கே ஒண்ணும் வேண்டாம். நல்லா பண்ணுங்க, போதும்” என்றாராம். அந்த வார்த்தையை உன் அண்ணன் வீட்டில் வந்து சொன்னபோது உன் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனால் சந்தைக்கு இது எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது, முப்பது ஆர்டர் தாமதம், விளக்கம் தருக என்று. வாங்கிய முப்பது பேரும் பொறுத்துக்கொண்டார்கள், எண்ணிக்கொண்டிருந்த இயந்திரம் பொறுக்கவில்லை. விளக்கத்தை ஐந்நூறு எழுத்துக்குள் எழுதவேண்டுமாம், நானே எழுதுகிறேன் என்று வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுருக்கி எழுதினேன், ஒரு சொல் கூடக் குறைக்கவோ கூட்டவோ முடியாதபடி. அனுப்பிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது, தங்கள் விளக்கம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது, கடை முப்பது நாள் முடக்கப்படுகிறது என்று. விடைத்தாள் திருத்தியே கண் மங்கியவள் நான், படித்துத் திருத்தியதற்கும் படிக்காமல் குறுக்கே கோடு கிழித்ததற்கும் வேறுபாடு எனக்குத் தெரியாதா. இதில் ஒரு வேடிக்கையைக் கேள். நேரத்துக்குப் போன பதின்மூன்று பைகளில் நான்கு திரும்பி வந்தன, கேட்காமல் தைத்ததால் ஒருவர்க்குத் தண்ணீர் பாட்டில் நுழையவில்லை, ஒருவர்க்கு வாக்கர் ஒருபக்கம் இழுத்தது. தாமதமாகப் போன முப்பதில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சந்தையின் கண்ணில் அந்தப் பதின்மூன்றுதான் நல்ல பிள்ளைகள்.

கடை முடங்கிய நாள்முதல் நான் அந்தப் போனைத் தொடவில்லை. பாக்கிப் பைகளையும் தைத்து அனுப்பியபின் கூடம் சுத்தமாயிற்று, சோற்றில் நூல் இல்லை, அந்தச் சுத்தத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கார்மென்ட்ஸ் கம்பெனியின் பழைய சூப்பர்வைசர் எப்படியோ கேள்விப்பட்டுப் பேசினார், ஆள் குறைவாக இருக்கிறது, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்து சேர், காலை ஏழு மணிக்குத் தெருமுனைக்கு வேன் வரும் என்றார். உன் அண்ணி யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னாள், அவர் அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டார். காலையிலிருந்து இரவு வரை நின்று நின்று கணுக்காலில் நரம்பு புடைத்து வந்தவள் அவள், நான் விழுந்த அன்று என்னைத் தூக்கிய கை அவளுடையது, அந்தக் காலோடு அவளை மறுபடி அங்கே அனுப்புவது என் ஒரு விரல் செய்த வேலை. உன் அண்ணன் எதுவானாலும் உன் விருப்பம் என்று அவளிடம் சொல்லிவிட்டான். எனக்குப் போகாதே என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் முன்பின் அறியாமல் ஒரு முறை உறுதி கொடுத்துப் பட்டவள், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று இன்னொரு முறை யார் சார்பிலும் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று வாயைக் கட்டிக்கொண்டு, இறைவனிடம் மட்டும் பேசினேன். அந்தத் திங்களுக்கு நான்கு நாள் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து ஒப்புதல் வந்தது, முப்பது பைக்கு மட்டும், அதற்குப் பின் பார்க்கலாம் என்று. ஞாயிறு அன்று கடையும் திறந்துகொண்டது. நாளைக்கே என்ற அடையாளம் போயிற்று, உன் அண்ணியே அதை வேண்டாம் என்று எடுத்துவிட்டு ஆறு நாள் என்று போட்டாள். தேடிப் பார்த்தால் நம் பை எத்தனையோ பக்கம் தள்ளிக் கிடக்கிறது என்றான் உன் அண்ணன்.

திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டு டப்பா கட்டியிருந்தது, தோளில் பை, காலில் செருப்பு. நான் பார்க்காதவள் போலப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன், ஒரு வரியும் கண்ணில் ஏறவில்லை. ஏழு மணிக்குத் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவள் போனாள். வேன் நின்ற நேரம் நீண்டதாகத் தோன்றிற்று, பிறகு அது கிளம்பும் ஓசை கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டுத் திறந்தேன். சாப்பாட்டு டப்பாவை என் மேசைமேல் வைத்தாள், வரவில்லை என்று வேன்காரரிடம் சூப்பர்வைசருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு இடுப்பிலிருந்து அந்தப் போனை எடுத்து என் கையில் கொடுத்து, “ராத்திரி ரெண்டு ஆர்டர் வந்துருக்கு அத்தை. என்ன வைக்கப் போறாங்கன்னு கேட்டு நீங்களே எழுதுங்க” என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முதலாமவருக்குக் கேள்வியை எழுதினேன். இப்போது நாளுக்கு இரண்டோ மூன்றோ வருகின்றன, ஆஸ்பத்திரி இன்னும் முப்பது கேட்டிருக்கிறது, முன்பிருந்த அளவு இல்லை என்றாலும் மூவருக்கும் போதும். தினமும் ஓதி முடித்தபின் நன்றி சொல்லும்போது அவளை முதலில் சொல்கிறேன், அதற்குப் பிறகுதான் பெற்ற பிள்ளைகள் நீங்கள், கோபித்துக்கொள்ளாதே.

உன்னிடம் நான் வேண்டுவது இரண்டு. அங்கே நீயும் எல்லாவற்றையும் போனிலேயே வரவழைப்பவள், நாளைக்கே வேண்டுமா என்று கேட்கும்போது உண்மையாகவே வேண்டியிருந்தால் தயங்காமல் ஆம் என்று சொல், அப்படி வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதை எட்டுப் பேர் எனக்குக் காட்டினார்கள். வேண்டாதபோது, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் வழி இருந்தால் அதைத் தொடு, யாரோ ஒருத்தி ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டு தைப்பாள். இரண்டாவது, போன ஆண்டு சொன்ன அந்தச் சொல்லை, நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், உன் அண்ணி ஜன்னலுக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. பட்டன் அக்கா சொல்லித் தெரிந்தது, அவள் சொல்லவில்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பழைய கதையை எதற்குப் பிரிக்கிறீர்கள் என்று ஒரு பையின் ஓரத்து பைப்பிங்கைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். உன் பங்கை நீயே பேசு, எனக்காகப் பேசாதே, உனக்காகப் பேசு. கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லிப் பல மாதமாகிறது, இந்த மாதம் தள்ளாமல் போய் வா. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். அவர் இரவு வேலை முடிந்து வரும்போது வெறும் வயிற்றில் தேநீர் குடிக்காமல் பார்த்துக்கொள். எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இருவர்க்கும் நிறைந்த வாழ்நாளும், தெளிந்த நெஞ்சும், அரவணைக்கும் மனிதர்களும் தந்து காப்பானாக.

இத்தனை பக்கம் எழுதுவதைப் பார்த்து உன் அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு, “என்னைப் பத்திப் போட்டுக் குடுக்கறீங்களா அத்தை?” என்று கேட்டாள். ஆம் என்றேன். “நல்லா போட்டுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

உன் நலமே தன் நலமாக எண்ணும்
அம்மா